அன்று காலைதான் தொடங்கியது

வாப்பாவின் இருமல் தொடங்கியதும் நிஸ்மியா கிரைண்டரைப் போட்டாள். அதற்குள் தேங்காயும் இல்லை, மிளகாயும் இல்லை. வெறும் கோப்பை சமையலறை மேசை அதிரச் சுழன்றது. ஒரு கையால் மூடியை அழுத்திக்கொண்டு, மறு கையால் ஜன்னல் சீலையை விரலளவு விலக்கிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுகாதாரப் பரிசோதகர் கிரிசாந்த் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அடுத்தது இந்த வீடு.

இருமல் நீண்டது. இடையிடையே மூச்சை இழுக்கும் சத்தம், ஈரச் சீலையைக் கிழிப்பதுபோல. கிரைண்டர் சூடேறிக் கருகல் மணம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. இருமல் ஓய்ந்த பிறகுதான் நிறுத்தினாள்.

முன் கதவைச் சாத்திக்கொண்டு அவள் வெளியே வந்தபோது அவர் வெளிவாசல் படலையடியில் நின்றார்.

"வீட்டில எல்லாரும் சுகமோ அக்கா?"

"ஓம் சேர்."

"காய்ச்சல், இருமல், மூச்சுக் கஷ்டம்... ஆருக்கும்?"

"இல்ல."

"வயசான ஒருத்தர் இருக்கிறார் எண்டு லிஸ்டில இருக்கு. இஸ்ஹாக்."

"என்ட வாப்பா. உள்ள படுத்தீக்கிறார். அவருக்கு ஒண்டுமில்ல."

கிரிசாந்த் உடப்பு ஊர்க்காரர். முப்பது வயதுகூட இராது. முகக்கவசத்துக்கு மேலே கண்கள் களைத்திருந்தன. எழுதிய தாளின் ஓரத்தைக் கிழித்துத் தன் தொலைபேசி இலக்கத்தை எழுதி, படலைக் கம்பியில் செருகிவிட்டு இரண்டடி பின்னால் போனார்.

"ஏதும் எண்டா ஒளிக்காமச் சொல்லுங்கோ. நேரத்தோட சொன்னா நல்லம்."

"ஓம் சேர்."

மோட்டார் சைக்கிள் களப்புப் பக்கமாகத் திரும்பி மறையும்வரை அவள் நின்றாள். பிறகு கடதாசியை எடுத்து உள்ளங்கையில் மடித்துக்கொண்டு உள்ளே போனாள். குளியலறைச் சுவரோரம் நின்ற அவளுடைய மூத்த சகோதரன் றஸ்மி நானா எட்டிப் பார்த்தான்.

"போயிட்டாரா?"

"போயிட்டார்."

"என்ன கேட்டார்?"

"வழமையாக் கேக்கிறதுதான்."

றஸ்மி பெருமூச்சு விட்டான். இந்த ஒரு வாரத்தில் அவன் தாடி நரைத்துவிட்டது போலிருந்தது.

றஸ்மி மீன் லொறி ஓட்டுபவன். கற்பிட்டியில் ஏற்றிக் கொழும்புச் சந்தையில் இறக்குவான். ஒக்டோபரில் அந்தச் சந்தையிலிருந்துதான் கொரோனா ஊர் ஊராகப் போனது என்று செய்தி வந்தபோது, அவன் கடைசியாக அங்கே போய் வந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன. பிறகு லொறியை முற்றத்துத் தென்னையடியில் நிறுத்தினான். நவம்பர் கடைசியில் அவனுக்கு மூன்று நாள் காய்ச்சல் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை. கொத்தமல்லியும் மரமஞ்சளும் அவித்துக் குடித்தான், மாறிவிட்டது. அடுத்த கிழமை வாப்பா படுத்தார். அவரும் தன்னைப்போல எழும்பிவிடுவார் என்று முதலிரண்டு நாள் நம்பினான். அதன் பிறகு பேசுவதைக் குறைத்துக்கொண்டான்.

இரண்டு தெரு தள்ளியிருந்த உம்மு குல்சூம் மாமி போன மாதம் தன் காலால் நடந்துபோய்த்தான் அம்புலன்சில் ஏறினார். ஐந்தாம் நாள் அவர் இறந்ததும் மகனைக் கூப்பிட்டு, எரிக்கச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அவன் போடமாட்டேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் வெயிலில் நின்றான். கையெழுத்து இல்லாமலே எரித்தார்கள். கொரோனாவில் மௌத்தானவர்களைப் புதைத்தால் நிலத்தடித் தண்ணீர் கெட்டுவிடும் என்று அரசாங்கம் சட்டம் போட்டு அப்போது எட்டு மாதம். சாம்பலை வந்து எடுக்கச் சொன்னார்கள், மகன் போகவில்லை. எந்தக் கபுறடியில் நின்று உம்மாவுக்கு ஸலாம் சொல்வது என்று அவன் பள்ளிவாசலில் உட்கார்ந்து அழுததை றஸ்மி பார்த்திருந்தான். அன்று வீட்டுக்கு வந்து, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னான்: "நம்மட வாசல்ல அந்த வாகனம் வரக்கூடா."

நிஸ்மியா அறைக்குள் போனபோது வாப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். எப்படி எழும்பினார் என்று தெரியவில்லை. வெள்ளைச் சேட்டு போட்டிருந்தார். பொத்தான்கள் ஒன்று மாறி ஒன்று பூட்டப்பட்டுக் கழுத்துப்பட்டி ஒரு பக்கம் ஏறியிருந்தது. சேட்டுப் பையில் அடையாள அட்டை. கால்களைச் செருப்பில் நுழைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு ஏறவில்லை. பாதங்கள் வீங்கிப் பளபளத்தன. மூன்று நாளாக அவள் எண்ணெய் தடவும்போதெல்லாம் விரல் பட்ட இடம் குழிந்து அப்படியே நின்றது. அதைப் பற்றி றஸ்மியிடம் சொல்லியிருந்தாள். படுத்தே கிடந்தால் அப்படித்தான் என்று அவன் சொன்னான்.

"ஆரோ... வந்த சத்தம்... கேட்டிச்சி," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே தோள்கள் உயர்ந்து தாழ்ந்தன. "ஆஸ்பத்திரி... வாகனமா?"

"இல்ல வாப்பா. படுங்க."

"படுத்தா... மூச்சு... வருதில்ல மகள்."

அவள் முதுகுக்குப் பின்னால் தலையணைகளை அடுக்கினாள். அவர் சாயவில்லை.

"நானாவக் கூப்பிடுங்க. லொறித் திறப்ப... தரச் சொல்லுங்க. அவனுக்குப் பயமெண்டா... நான் ஓட்டிட்டுப் போறன்."

முப்பத்தொரு வருடம் ஐஸ் லொறி ஓட்டியவர் அவர். கண்ணை மூடிக்கொண்டே புத்தளம் றோட்டில் எங்கே குழி என்று சொல்வார். ஆஸ்பத்திரி இருபது நிமிட ஓட்டம்.

றஸ்மி வாசலில் வந்து நின்றான். வாப்பாவின் சேட்டைப் பார்த்தான். பிறகு முன்னால் முழங்காலிட்டு ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றத் தொடங்கினான். வாப்பா அவன் கையைப் பிடித்தார். அந்தப் பிடியில் பலம் இல்லை.

"மகன்."

"வாப்பா, அங்க கொண்டுபோனா உங்கள எங்களுக்குத் திருப்பித் தரமாட்டாங்க. மாமிக்கு நடந்தது தெரியும்தானே? பொறுத்துக்கங்க. அல்லாஹ் சுகம் தருவான். பார்மசி ஃபாஹிம் புது மருந்தொண்டு தாற எண்டு சொன்னான். இப்பப் போய் எடுத்துட்டு வாறன்."

"எனக்கு... ஒட்சிசன்..."

"பொறுத்துக்கங்க வாப்பா."

சேட்டைக் கழற்றி மடித்துக் கதிரையில் வைத்தான். அடையாள அட்டையைத் தன் பையில் போட்டுக்கொண்டான். அவன் கன்னம் நனைந்திருந்தது.

அவன் சைக்கிளில் போனதும் வாப்பா நிஸ்மியாவைக் கிட்ட வரும்படி தலையசைத்தார். அவள் குனிந்தாள். அவருடைய மூச்சு கன்னத்தில் சூடாகப் பட்டது.

"எரிச்சா... எரிக்கட்டும் மகள்," என்றார். "எனக்கு இப்ப... மூச்சு வேணும்."

அவள் நிமிர்ந்தாள். ஐந்து வேளை தொழுகையை ஒரு நாளும் விடாதவர். உம்மா மௌத்தானபோது கபுறுக்குள் தானே இறங்கி, கடைசிப் பலகையைத் தன் கையால் வைத்தவர். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லைக் கேட்டதும், அதை வேறு யாரும் கேட்டிருப்பார்களோ என்று அவள் முதலில் வாசலைத்தான் பார்த்தாள்.

"நானாட்டச் சொல்லாதீங்க," என்றார் வாப்பா. "நீங்க... போன் பண்ணுங்க."

போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். முதலில் கொழும்பிலிருந்த தங்கச்சி ஷஸ்னாவுக்கு எடுத்தாள். ஷஸ்னா இருந்த மாடிக் குடியிருப்பை மூடி ஒரு மாதம். கீழே பொலிஸ் நின்றது. ஒருவரும் இறங்க முடியாது.

"ராத்தா, வாப்பாக்கு எப்பிடி?"

"ஆஸ்பத்திரிக்குப் போகோணும் எண்டு சொல்றார். என்ன செய்ற?"

மறுமுனையில் ஷஸ்னாவின் பிள்ளை அழுதது. தண்ணீர்க் குழாய் ஓடியது. குழாயை மூடிவிட்டு ஷஸ்னா சொன்னாள்:

"நான் இங்க ஈந்துட்டு என்னத்தச் சொல்ற ராத்தா? நீங்கதானே பக்கத்தில ஈக்கிறீங்க. கொண்டுபோங்க எண்டு நான் சொல்லி, பொறகு ஏதும் நடந்தா நானா என்ன மன்னிப்பாரா? நீங்களே யோசிச்சு ஒரு முடிவெடுங்க."

அதை வைத்துவிட்டு அம்புலன்ஸ் இலக்கத்தை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்கள். ஒரு பெண் சிங்களத்தில் பேசி, இவள் தடுமாறியதும் தமிழுக்கு மாறினாள்.

"சொல்லுங்கோ, எந்த இடம்?"

நிஸ்மியா ஊரின் பெயரைச் சொன்னாள்.

"நோயாளிக்கு என்ன செய்யுது?"

"மூச்சு..." என்றாள். அதோடு நின்றாள். வேலிக்கு மேலாகப் பள்ளியின் பின்பக்கமும் மையவாடிச் சுவரும் தெரிந்தன. சுவருக்குள் உம்மா இருந்தார். ஆறு மாதத்தில் இறந்த அவளுடைய பிள்ளை இருந்தது. வாப்பா மட்டும் புகையாகப் போய்விட, அந்தப் போனை எடுத்தவள் நிஸ்மியாதான் என்று ஊர் சொல்லப்போவதை அவள் கேட்டாள். றஸ்மி சொல்லமாட்டான். அவன் அவளோடு பேசவே மாட்டான்.

"ஹலோ? அம்மா, நோயாளிக்கு மூச்சுக் கஷ்டமோ? வீட்டு இலக்கத்தச் சொல்லுங்கோ."

"இல்ல. பிழையான நம்பர்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உள்ளே வந்தபோது வாப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருதா?"

"வருது வாப்பா," என்றாள். "வழியில வருது. கொஞ்சம் பொறுங்க."

அவர் தலையை ஆட்டினார். கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்து, முன்னால் குனிந்து, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். றோட்டில் எந்த வாகனம் போனாலும் அவர் தலை கொஞ்சம் உயர்ந்தது. பாண் விற்கும் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. தண்ணீர் பவுசர் ஒன்று போனது. றஸ்மி மருந்தோடு வந்தபோது அவர் உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. மாத்திரையை விழுங்க முடியவில்லை. தண்ணீரோடு சேர்ந்து வாயோரமாக வழிந்தது.

றஸ்மி கைகால் கழுவி வுழூ செய்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து யாஸீன் ஓதத் தொடங்கினான். அவன் குரல் நல்ல குரல். நிஸ்மியா வாப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லி முடிந்து சற்று நேரத்தில் உள்ளங்கைக்குக் கீழே அந்த முதுகு ஏறுவது நின்றது. அவள் இன்னும் இரண்டு தரம் தடவினாள்.

றஸ்மி ஓதுவதை நிறுத்தவில்லை. முடித்துவிட்டுத்தான் வாப்பாவின் கண்களை மூடிவிட்டான்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன் அடக்கிவிடவேண்டும் என்று அவன் நினைத்தான். பள்ளித் தலைவர் ஹிஸ்புல்லா ஹாஜியார் படலைக்கு வெளியே நின்று, கைலேஞ்சியால் வாயை மூடியபடி, அது நடக்காது என்றார்.

"கடதாசி இல்லாம மையவாடியத் தொறந்தா நாளைக்கு முழு ஊரையும் மூடுவாங்க தம்பி. சுகாதாரப் பகுதிக்குச் சொல்லத்தான் வேணும். வீட்டில மௌத்தானாலும் சோதிக்கிறாங்க."

றஸ்மி நிஸ்மியாவை அறைக்குள் கூப்பிட்டான்.

"இண்டைக்குக் காலையிலதான் தொடங்கின. நெஞ்சு நோவு. அதுக்கு முந்தி ஒண்டுமில்ல. காய்ச்சல் இல்ல, இருமல் இல்ல. விளங்கினதா? நீதான் காலையில அந்தச் சேரோட கதைச்ச. நீதான் சொல்லோணும்."

கட்டிலடியில் கிடந்த மருந்துப் பெட்டிகளையும் ஆவி பிடித்த சட்டியையும் அவர்கள் எடுத்து மறைத்தார்கள். மல்லித் தண்ணீரைக் கொல்லையில் ஊற்றினார்கள். வாப்பா போர்த்தப்பட்டுக் கிடந்தார்.

கிரிசாந்த் இந்த முறை வெள்ளை உடுப்பால் உடம்பு முழுவதையும் மூடிக்கொண்டு வந்தார்.

"நான் வந்து போன பிறகோ அக்கா?"

"ஓம் சேர். நீங்க போன பொறகுதான். நெஞ்சு நோகுது எண்டார். நானா மருந்தெடுக்கப் போனார். அதுக்குள்ள..."

அவர் எழுதினார். ஆஸ்பத்திரி வாகனம் இருபது நிமிடத்தில் வந்தது. தெருவில் எல்லா வீட்டு ஜன்னல்களும் அடைபட்டிருந்தன. நான்கு பேர் வாப்பாவைத் தடித்த பையில் வைத்து இழுத்துப் பூட்டினார்கள். றஸ்மி வாகனத்தின் முன்னால் போய் நின்றான். யாரும் அவனைத் தள்ளவில்லை, திட்டவில்லை. கிரிசாந்த் மட்டும் கிட்ட வந்து, "சோதனை முடிவு வரும்வரைக்கும் எரிக்க மாட்டாங்கள் அண்ணன். நான் கேட்டுச் சொல்றன்," என்றார். அவன் விலகினான்.

அடுத்த இரண்டு நாளும் அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை. படலையில் மஞ்சள் நாடா கட்டப்பட்டிருந்தது. பக்கத்து வீட்டு அஸ்ரியா, ஓட்டைவழியே கோழிகள் மாறிப் போகாதபடி வேலியில் தகரம் அடித்தாள். றஸ்மி உண்ணவில்லை. தொழுகைப் பாயிலேயே கிடந்தான். "நான்தான் கொண்டுவந்து குடுத்த," என்று சுவரைப் பார்த்துச் சொன்னான். ஒரு தரம் எழும்பி வந்து, "எரிக்கிறபோது மய்யித்துக்கு நோகுமா?" என்று கேட்டான். ஆஸ்பத்திரிப் பிணவறையில் வாப்பா எந்தத் தட்டில் கிடப்பார், பக்கத்தில் யார் கிடப்பார்கள் என்று நிஸ்மியா யோசித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கேட்ட இடத்துக்குத்தான் போயிருக்கிறார். அந்த நினைப்பு வந்ததும் எழுந்துபோய் ஏற்கெனவே கழுவிய பாத்திரங்களை மறுபடி கழுவினாள்.

மூன்றாம் நாள் காலை கிரிசாந்த் வந்தார். வெள்ளை உடுப்பு இல்லை. படலை நாடாவை அவரே அறுத்தார்.

"கொரோனா இல்ல," என்றார். "ரெண்டு தரம் பாத்தாங்கள். இல்ல. நீங்க உடம்பை எடுத்து உங்கட முறைப்படி அடக்கலாம்."

றஸ்மி அவர் முன்னால் மணலில் அப்படியே நெற்றியை வைத்து விழுந்தான். எழும்பும்போது சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. "என்னால இல்ல," என்றான். "நிஸ்மியா, கேட்டியா? என்னால இல்ல." செருப்பில்லாமல் பள்ளியை நோக்கி ஓடினான்.

கிரிசாந்த் போகாமல் நின்றார். கையில் ஒரு தாள் இருந்தது.

"இருதயம் பலவீனமாகி நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டியிருக்கு எண்டு டொக்டர் எழுதியிருக்கிறார். கால் வீங்கி நாலஞ்சு நாள் இருக்குமாம். நீங்க கவனிக்கல்லயோ அக்கா?"

"சாரம் உடுத்தீந்தார். காணல்ல."

"வயசானவங்க சொல்லவும் மாட்டினம்." அவர் தாளை மடித்தார். "நேரத்தோட கொண்டுபோயிருந்தா தண்ணி இறக்கிறதுக்கு ஊசி இருக்கு. ஒட்சிசனும் போட்டு நாலு நாள் வச்சிருந்தா வீட்டுக்கு வந்திருப்பார். ஆனா நீங்க சொன்னபடி அண்டைக்குக் காலையிலதானே தொடங்கினது. அதுக்குள்ள ஒருத்தராலயும் ஒண்டும் செய்திருக்க ஏலாது. நீங்க மனசப் போட்டு வருத்தாதீங்கோ." குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "எனக்குத்தான் நித்திர வரல்ல. நான் இந்தப் படலையிலதானே நிண்டன். ஒருக்கா உள்ள வந்து பாத்திருக்கலாம்."

நிஸ்மியா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். அவருக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க சேர்," என்றாள்.

"வேண்டாம் அக்கா. இன்னும் பதினாறு வீடு இருக்கு."

பகல் முழுவதும் வீடு நிறைந்திருந்தது. அடைபட்ட ஜன்னல்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் வந்தார்கள். அஸ்ரியா ஒரு சட்டி கஞ்சி கொண்டுவந்து, நிஸ்மியாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். வாப்பாவைக் கொல்லையில் மறைப்புக் கட்டிக் குளிப்பாட்டினார்கள். கபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து பெண்களுக்குக் காட்டினார்கள். நிஸ்மியா உதடுகளைப் பார்த்தாள். கொஞ்சம் திறந்திருந்தன, யாரோ அழுத்தி மூடப் பார்த்தும் முடியாமல் விட்டிருந்தார்கள். கைப்பேசித் திரையில் ஷஸ்னா தேம்பினாள். "எனக்குப் பாக்கக் கிடைக்கல்லயே ராத்தா. ஆனா வாப்பா குடுத்துவச்சவர். இந்தக் காலத்தில இப்பிடி ஒரு மௌத்து ஆருக்குக் கிடைக்கிது?" சுற்றியிருந்த பெண்கள் ஆமோதித்தார்கள். குடுத்துவச்ச மனிசன். ஒரு கிழவி, "வாகனத்துக்கு முன்னால நிண்ட மகன்ட பிடிவாதம்தான் வாப்பாவக் காப்பாத்தின," என்றாள்.

சந்தூக்குப் பெட்டி தோள்களில் ஏறிப் படலையைத் தாண்டியது. ஆண்கள் திரளாகப் போனார்கள். பெண்கள் கொஞ்ச நேரம் இருந்து, கஞ்சிக் கோப்பைகளை வைத்துவிட்டு, ஒவ்வொருவராகப் போனார்கள்.

றஸ்மி திரும்பி வரும்போது வெயில் சரிந்திருந்தது. முழங்கால்வரை மண். பின்வாசற்படியில் உட்கார்ந்து, மூன்று நாளுக்குப் பிறகு சோறு கேட்டான். அவள் போட்டுக் கொடுத்தாள். வேகமாகச் சாப்பிட்டான்.

"நல்ல இடம். உம்மாட கால்மாட்டில," என்றான் வாய் நிறையச் சோற்றோடு. "காஞ்ச மண். ஒரு சொட்டுத் தண்ணி ஊறல்ல. ஹாஜியாரே சொன்னார், இப்பிடி ஒரு கபுறு தான் கண்டதில்லையாம்."

"ம்."

அவன் கையைக் கழுவித் துடைத்தான். பிறகு அவளைப் பார்க்காமல் கேட்டான்:

"நான் மருந்துக்குப் போன நேரம்... உன்னட்ட ஏதும் கேட்டாரா?"

அவள் அவனுடைய தட்டை எடுத்தாள். ஓரத்தில் ஒதுக்கிய மீன் முள்ளை விரலால் நடுவுக்குத் தள்ளினாள்.

"இல்ல," என்றாள். "ஒண்டும் கேக்கல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் றஸ்மி.

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தபோது அவன் நடு வீட்டுச் சீமெந்துத் தரையில் மல்லாந்து கிடந்து தூங்கிவிட்டிருந்தான். வாய் திறந்திருந்தது. நெஞ்சு பெரிதாக ஏறி இறங்கியது. உதட்டோரம் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. நிஸ்மியா பக்கத்தில் உட்கார்ந்து, கையால் அதை விரட்டினாள். அது சுற்றிவிட்டு மறுபடி வந்தது. அவள் மறுபடி விரட்டினாள்.